அந்த உறையைப் பிரிங்க அண்ணா!

வணக்கம் நண்பர்களே. இன்று சமையல் வீடியோ கிடையாது. நேற்று ஒரு பல்கலைக்கழகத்தில் எழுத்தாளர் உரை, கூடவே அவருடைய புதிய புத்தகம் விற்பனை. வந்ததிலிருந்து உங்களிடம் கொட்டித் தீர்க்க வேண்டும் என்று இருக்கிறது. எந்தப் பல்கலைக்கழகம் என்று கமெண்டில் கேட்காதீர்கள். சென்னைதான், அது போதும்.

சென்னை ஏரிகளைப் பற்றிய புத்தகம். ஏரி என்றால் நான் விடமாட்டேன், பழைய வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும். விலை 350. அரங்கில் 10 சதவீதம் கழிவு, ஆக 315. நல்ல விலைதான். ஆனால் மேசையில் அடுக்கியிருந்த அத்தனை பிரதிகளுக்கும் இறுக்கி ஒட்டிய பிளாஸ்டிக் உறை! எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஏரிப் புத்தகம் என்றால் உள்ளே வரைபடம் இருக்கிறதா, கடைசியில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று காட்டும் சொல்லடைவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? அட்டையை மட்டும் பார்த்து எப்படி வாங்குவது?

விற்பனை மேசையில் இருந்தவரிடம், "அண்ணா, ஒன்றைப் பிரித்துக் காட்டுங்களேன்" என்றேன். "பிரிச்சா அதை யாரும் வாங்க மாட்டாங்கம்மா" என்றார். "நீங்கள் பிரியுங்கள், அதை நானே எடுத்துக்கொள்கிறேன்" என்றேன். பிரித்தார். வரைபடம் இருந்தது நண்பர்களே! மடித்து வைத்த பெரிய தாள், அதில் மாம்பலம் நெடிய ஏரி முழுசாக. பக்கத்தில் நின்ற மாணவர்கள் எட்டிப் பார்த்தார்கள், ஆளுக்கு ஒரு பக்கம் புரட்டினார்கள், அப்புறம் வாங்கவும் செய்தார்கள். அண்ணா சத்தமில்லாமல் இன்னொன்றையும் பிரித்து மேசை முனையில் வைத்துவிட்டார். நேற்று முழுக்க எனக்கு அதுதான் சந்தோஷம்.

இதே சென்னையில்தான் எஸ். ஆர். ரங்கநாதன் இருந்தார். மாநிலக் கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்தியவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக வந்தார். நூலகங்களுக்கான ஐந்து விதிகளைச் சொல்லும் அவருடைய புத்தகம் 1931-இல் வெளியானது; அதில் முதல் விதியே, நூல்கள் பயன்படுத்துவதற்காக என்பதுதான். அந்தக் காலத்து ஐரோப்பிய நூலகங்களில் புத்தகத்தைச் சங்கிலி போட்டுக் கட்டி வைத்ததை அங்கே விளக்குவார். நேற்று அந்த உறையைப் பார்த்ததும் எனக்கு அந்தச் சங்கிலிதான் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்றும் சொன்னார். மூடி வைத்தால் இரண்டு பேரும் எங்கே சந்திப்பது?

ஆங், உரையைப் பற்றி இன்னும் சொல்லவே இல்லை! அருமையான உரை. 1920களில் அந்த நெடிய ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகரை உருவாக்கினார்கள் என்பதில் தொடங்கினார். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னும் இருக்கிறது, லேக் எங்கே என்று கேட்டார். அரங்கமே அமைதி. 1976-இல் திறந்த வள்ளுவர் கோட்டம் நிற்கிற இடமும் ஏரிதான் என்றதும் எனக்குப் பின்னால் ஒருவர் "அப்படியா!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டார்.

ஆனால் இந்த உரைக்கு முன்னால் வரவேற்புரை, வாழ்த்துரை, ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, நினைவுப் பரிசு, படம் எடுத்தல். கடைசியில் கேள்வி நேரம் இரண்டே கேள்வியோடு முடிந்துவிட்டது. எனக்குப் பொன்னாடை சுத்தமாகப் பிடிக்காது. அந்தக் காசுக்கு இந்தப் புத்தகத்தையே வாங்கி நாலு மாணவர்களுக்குக் கொடுக்கலாம்.

பணம் கட்டியதைச் சொல்லவில்லையே. ஜிபே சுற்றிக்கொண்டே இருந்தது, அரங்குக்குள் சிக்னல் இல்லை. வராந்தா முனையில் நின்றபோதுதான் 315 போனது. சரி, அண்ணா நம்பிக் கையில் கொடுத்து அனுப்பினார், அவருக்கு நன்றி.

உங்கள் கல்லூரியில் புத்தக மேசை போட்டால், உறை இல்லாமல் ஒரு மாதிரிப் பிரதி வைக்கச் சொல்லிக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை இந்த வரைபடத்தை எடுத்துக்கொண்டு மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து பழைய ஏரிக்கரை வழியாக நடக்கப் போகிறேன். காலை ஆறு மணிக்கு லைவ்.