இ-சேவை மையத்துல சண்டை! ஒரு கட்டத்துக்கு இவ்ளோ விலையா?

மக்களே, வணக்கம், ஸ்தோத்திரம். ஃபேன் சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க. வேலூர் வெயில்ல அதை நிறுத்திட்டு வீடியோ எடுக்க என்னால ஆகாது.

இன்னிக்கு செம கடுப்புல இருக்கேன். கம்யூனிட்டி சர்டிபிகேட் அப்ளை பண்ணப் போனேன். எந்த மையம்னு சொல்ல மாட்டேன், காட்பாடி பக்கம்னு வெச்சுக்கோங்க. போர்டுல கட்டணம் 60 ரூபாய்னு போட்டிருக்கு. என்கிட்ட கேட்டது 150! கேட்டா ஸ்கேனிங் சார்ஜாம். நாலு பேப்பருக்கா? லாங் பஜார்ல கொத்தமல்லிக் கட்டுக்கே நான் எவ்ளோ நேரம் நிப்பேன்னு பழைய வீடியோ பாத்தவங்களுக்குத் தெரியும். ரசீது குடு, குடுத்தாத்தான் காசுன்னு நின்னுட்டேன். பின்னாடி ஒரு பெரியம்மா, "குடுத்துட்டுப் போ பாப்பா, வெயில் ஏறுது"ன்றாங்க. குடுக்கலயே! 60 ரூபாய்க்கு ரசீது வாங்கிகினுதான் நகர்ந்தேன்.

இரு இரு, அதுக்கு முன்னாடி நடந்ததுதான் முக்கியம். ஸ்கிரீன்ல 'மதம்'னு ஒரு கட்டம். நான் வாயைத் தெறக்கறதுக்குள்ள அந்தத் தம்பி 'இந்து'ன்னு செலக்ட் பண்ணிட்டான். "கிறிஸ்தவர்னு மாத்துப்பா"ன்னேன். மவுஸ்ல இருந்து கையை எடுத்தான். சுத்தி ஒரு பார்வை பாத்துட்டு, மெதுவா, "அக்கா, சர்ச்சுக்குப் போறவங்க நெறைய பேர் இப்டித்தான் போடறாங்க. மாத்தினா எஸ்.சி. போய் பி.சி. ஆயிடும், யோசிச்சுக்கோ"ன்றான். கெட்ட பையன் இல்ல, அந்த 90 ரூபாய் விஷயத்தைத் தவிர.

அவன் சொன்னது சரிதான். எஸ்.சி. பட்டியலுக்கான 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துவா இருந்தாத்தான் எஸ்.சி. 1956-ல சீக்கியரைச் சேத்தாங்க, 1990-ல பௌத்தரைச் சேத்தாங்க. நம்மள சேக்கல. 2023-ல நம்ம சட்டமன்றத்துல தீர்மானமே போட்டாங்க, ஆனா சட்டத்தை மாத்த வேண்டியது டெல்லி. சரி, இந்துன்னே எழுதிக்கலாம்னு பாத்தா, 2024 நவம்பர்ல புதுச்சேரிப் பொண்ணு ஒருத்தங்க கேஸ்ல சுப்ரீம் கோர்ட் என்ன சொல்லிச்சு? ஞானஸ்நானம் எடுத்துட்டு, சலுகைக்காக இந்துன்னு சொன்னா அது அரசியல் சாசனத்தையே ஏமாத்தறதுன்னு சொல்லிடுச்சு.

எனக்கு என்ன போகும்? குரூப் 4-க்கு நான் படிக்கறது உங்களுக்குத் தெரியும். இனிமே பி.சி. கட்-ஆஃப்ல நிக்கணும், கூட்டம் அங்கதான். வன்கொடுமைச் சட்டத்துப் பாதுகாப்பும் போச்சு. நம்ம மாவட்டத்துல கே.வி.குப்பம், குடியாத்தம் ரெண்டும் தனித்தொகுதி, அங்க நான் நிக்க முடியாது. சிரிக்காதீங்க, நிக்கற ஐடியா இல்லதான், ஆனா முடியாதுன்னு சொன்னா எரியுதுல்ல? ஊர்ல என்னை 'அந்தத் தெருப் பொண்ணு'ன்னு சொல்றது மட்டும் மாறவே மாறாது. முழுக்கு எடுத்தா சாதி கரைஞ்சிடும்னு சட்டம் நம்புது, எங்க தெரு நம்பல. ஏன், சில சபையில கல்யாணப் பேச்சு வந்தா அவங்களே நம்பறதில்ல.

ஆங், ஒண்ணு விட்டுட்டேன். ஸ்காலர்ஷிப் மொத்தமும் போயிடும்னு பயமுறுத்துவாங்க, அது தப்பு. தமிழ்நாட்டுல மதம் மாறின ஆதிதிராவிட கிறிஸ்தவப் பிள்ளைங்களுக்கும் அரசு கல்வி உதவித்தொகை உண்டு. பள்ளியிலயே கேளுங்க.

இந்துன்னு எழுதறவங்களை நான் திட்ட மாட்டேன். ரெண்டு பிள்ளைங்களை காலேஜ்ல வெச்சுகினு இருக்கற வீட்டுக்குப் போய் "விசுவாசத்தைத் தைரியமா வெளிய சொல்லு"ன்னு எப்படிச் சொல்றது? எனக்குச் சுத்தமா பிடிக்காதது இன்னொரு கூட்டம். இந்தக் கட்டத்தால அஞ்சு பைசா நஷ்டம் இல்லாத குடும்பத்துல பொறந்துட்டு, மைக் புடிச்சா "பயப்படாதே, சாட்சியா நில்லு"ன்னு ஒரு மணி நேரம் பேசறவங்க. லூக்கா 14-ல இயேசுவே, கோபுரம் கட்டறவன் முதல்ல உக்காந்து செலவைக் கணக்குப் போட மாட்டானான்னு கேக்கறாரு. அந்தக் கணக்கை இவங்க யாராவது போட்டுக் காட்டியிருக்காங்களா? எத்தன மார்க், எந்தச் சட்டம், யார் வீட்டுல சோறு கெடைக்காதுன்னு? நம்ம வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை ஆரம்பிச்ச ஐடா ஸ்கடர் அம்மா பத்தி நான் போட்ட வீடியோவுக்கு அவ்ளோ கைதட்டினீங்க. தூரத்துல இருந்து வந்தவங்க செலவு பண்ணா நமக்குக் கதை புடிக்குது. பக்கத்து வீட்டுல செலவு பண்றவங்களை யாரும் கேக்கறதே இல்ல.

தம்பி ரெண்டு தடவ கேட்டுட்டுத்தான் 'கிறிஸ்தவர்'னு மாத்தினான். ஞானஸ்நான சான்றை ஏத்தியாச்சு, வி.ஏ.ஓ. விசாரணைக்கு வருவாரு. நைனா ஞானஸ்நானத்துல இருந்து என்கிட்ட நேராப் பேசறதில்ல, அம்மா மூலமாத்தான் தகவல். இன்னிக்கு அவர் கேள்வியை அம்மா கொண்டாந்தாங்க: "உங்க சாமி வேலை வாங்கித் தருமான்னு கேக்கறாரு." "இல்லன்னு சொல்லும்மா, மார்க் நான்தான் எடுக்கணும்"னேன். கணக்குப் போர்ஷன் இன்னும் பாதி கெடக்கு, தனிவட்டி கூட்டுவட்டி முடிக்கணும். போறேன், பாய்.