காற்றுத் துவக்கு வாங்குமுன் பார்க்க வேண்டியது

வன்னி வாழ் நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பகுதிகளில் கச்சானும் சோளமும் செய்கின்றவர்கள் காற்றுத் துவக்கைப் பற்றிப் பேசும்போது, எது மிகவும் பலமானது என்பதைத்தான் முதலில் கேட்கிறார்கள். எந்த உயிருக்கு, எத்தனை மீற்றர் தூரத்தில் வெடி வைக்கப் போகிறோம் என்பதைத் தீர்மானித்த பின்னரே அந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியும்.

கடையில் பெட்டியின் மேல் நொடிக்கு 1200 அடி என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அது ஏறக்குறைய 366 மீற்றர். ஒலியின் வேகத்தையும் விஞ்சியது. பெரும்பாலும் 4.5 மில்லிமீற்றர் விட்டமுள்ள குழலில், வேட்டைக்கு எவரும் பயன்படுத்தாத மிக இலேசான குண்டை இட்டுத்தான் அந்த எண்ணைப் பெறுகிறார்கள். 0.4 கிராம் நிறையுள்ள குண்டு அந்த வேகத்தில் கொண்டு செல்லும் சக்தி சுமார் 27 யூல். 5.5 மில்லிமீற்றர் குழலிலிருந்து 1 கிராம் குண்டு நொடிக்கு வெறும் 230 மீற்றர் வேகத்தில் புறப்பட்டாலும் கிட்டத்தட்ட அதே சக்திதான் கிடைக்கிறது. ஆனால் பெட்டியில் சிறிய எண் இருப்பதைக் கண்டு வாங்குபவர் அதனை ஒதுக்கிவிடுகிறார். இடுப்புச் சிறுத்துப் பின்புறம் பாவாடைபோல் விரிந்த இந்த ஈயக்குண்டுகள் ஒலியின் வேகத்தைத் தாண்டிச் சென்று மீண்டும் அதற்குக் கீழே இறங்கும்போது தள்ளாடி, குறியை விட்டு விலகக்கூடியவை. மேலும் அளவுக்கு மீறி இலேசான குண்டை இட்டால் சுருள்வில் துவக்கில், வில் விரியும்போது காற்றைத் தள்ளும் உந்துதண்டு போதிய காற்றுத் தடையின்றிக் குழாயின் முனையில் மோதும்; காலப்போக்கில் வில்லும் அடைப்பும் கெட்டுவிடும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உரிமமின்றி வைத்திருக்கக்கூடிய காற்றுத் துவக்கின் உச்ச வரம்பு சுமார் 16 யூல் மட்டுமே. அவ்வளவு சக்தியைக் கொண்டே அங்கு 30 மீற்றருக்குள் முயல்களைத் தலையில் சுட்டு வீழ்த்துகிறார்கள். ஆகவே முயல், அகழான் அளவுள்ள உயிர்களுக்கு 5.5 மில்லிமீற்றர், அதாவது .22 அங்குலம், போதுமானது என்பது என் துணிபு. 4.5 மில்லிமீற்றர் குண்டு நேராகப் பறக்கும். தூரத்தைச் சற்றுத் தவறாகக் கணித்தாலும் மன்னித்துவிடும். ஆனால் காற்றடித்தால் எளிதில் விலகும். 6.35 மில்லிமீற்றரின் கனமான குண்டைச் சாதாரண சுருள்வில் துவக்கு தள்ளும்போது அது வளைந்து விழுவதால் தூரக் கணிப்பில் தவறுக்கு இடமில்லை. அந்த விட்டம் அமுக்கக் காற்றுத் துவக்குக்கே பொருந்தும்.

அமுக்கக் காற்றுத் துவக்கில் 200 முதல் 300 பார் அழுத்தம் வரை காற்றை நிரப்பி வைக்க வேண்டும். கைப்பம்பினால் அதனை நிரப்புவது நல்ல உடற்பயிற்சி என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். கடலட்டைக்குச் சுழியோடுவோர் பயன்படுத்தும் உருளையிலிருந்து நிரப்புவது இலகு; ஆனால் ஈரமான காற்று உட்புகுந்தால் துவக்கின் காற்று உருளையின் உட்புறம் துருப்பிடிக்கும். சுருள்வில் துவக்குக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. வெடிக்கும் கணத்தில் அது முன்னும் பின்னுமாக உதறுவதால், இறுகப் பிடிக்காமல் உள்ளங்கையின் மேல் தளர்வாக வைத்துச் சுட வேண்டும். இடியன் துவக்கைத் தோளில் அழுத்திப் பழகியவர்களுக்கு இதுதான் கடினம்.

காட்டுப்பன்றியைப் பற்றி ஒரே வார்த்தையில் கூறிவிடலாம்: வேண்டாம். வெளிநாடுகளில் 9 மில்லிமீற்றரும் அதற்கு மேலும் விட்டமுள்ள துவக்குகளால் பன்றியை வீழ்த்துவது உண்மைதான். இங்கு நாம் பேசுகின்ற .22 துவக்கு பன்றியைக் காயப்படுத்தி அனுப்பும். அது பற்றைக்குள் கிடந்து நாட்கணக்கில் அழுகிச் சாகும். காயப்பட்ட உயிரைத் தேடிப் போவதிலும் வன்னியில் ஓர் ஆபத்து உண்டு. மிதிவெடி அகற்றி முடிக்கப்படாத இடங்களில் மண்டையோட்டுப் பலகை நட்டிருக்கிறார்கள். விலங்கு அதற்கப்பால் ஓடிவிட்டால் அத்தோடு விட்டுவிட வேண்டும்.

கட்டுக்கரைக்குளம், கொக்கிளாய்ச் சரணாலயங்களும் சுண்டிக்குளம் தேசிய பூங்காவும் வேட்டைக்குரிய இடங்களல்ல. மற்ற இடங்களிலும் எந்த உயிரைச் சுடலாம், துவக்குக்கு எந்த அனுமதி தேவை என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்னரே வனசீவராசிகள் அலுவலகத்திலும் பொலிஸிலும் கேட்டறியுங்கள்.

வாங்கியபின் இரண்டு மூன்று வகைக் குண்டுகளை எடுத்து, 10 மீற்றரில் தொடங்கித் தாளில் சுட்டுப் பாருங்கள். ஐந்து குண்டுகளும் ஓர் ஐந்து ரூபாய்க் குற்றிக்குள் அடங்கும் கடைசித் தூரம் எதுவோ, அதுவே உங்கள் வேட்டைத் தூரம். அந்த எல்லைக்கு அப்பால் நிற்கும் முயலை விட்டுவிடுங்கள். குறிக்குப் பின்னால் குளக்கட்டோ மண்மேடோ இருக்கட்டும். தவறிய குண்டு சில நூறு மீற்றர் போகும். வரம்புக்கு அந்தப் பக்கம் யாரும் நாற்று நட்டுக்கொண்டிருக்கக்கூடும்.