செதிலில் ஒட்டிய வெள்ளி

நேயர்களுக்கு வணக்கம்.

மீன் வாங்கப் போனால் முதலில் செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம். கண் குழிந்திருக்கிறதா என்று பார்க்கிறோம். விடியலில் மின்னிய மீன் மதியத்துக்குள் ஈயத் தகடு போல மங்கிவிடும். இது வீட்டில் சமைக்கிற எல்லாருக்கும் தெரியும். இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பிய ஆற்று மீன்களை வரைந்தவர்களைப் படாத பாடு படுத்தியதும் இதேதான்.

அன்றைய அறிஞர்கள் மீனைச் சாராய ஜாடியில் போட்டு வைத்தார்கள். உருவம் நிற்கும், நிறம் ஓடிவிடும். காய்ந்த கறிவேப்பிலையை வைத்துக்கொண்டு அதன் பச்சையை வரைவது போன்ற வேலை!

சாரா பவுடிச் என்ற ஆங்கிலேயப் பெண்மணி அந்த ஜாடியை நம்பவில்லை. பாரிசில் குவியே என்ற விலங்கியல் அறிஞரிடம் கற்றவர். 1824-இல் கணவர் காம்பியாவில் காய்ச்சலில் இறந்துபோக, குழந்தைகளோடு ஊர் திரும்பி, எழுதியும் வரைந்தும் பிழைத்தார். 1828 முதல் 1838 வரை பிரிட்டனின் நன்னீர் மீன்களைப் பற்றி ஒரு நூலைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். மீன் தண்ணீரை விட்டு வந்த உடனே வரைவது என்பது அவருடைய விதி. மீன் அவரிடம் வருவதில்லை. அவர்தான் மீனிடம் போக வேண்டும்.

இனிமேல் சொல்வதுதான் எனக்கு வியப்பு. சந்தாதாரர்கள் ஐம்பது பேர். படங்களை அச்சிடவில்லை. ஒவ்வொரு பிரதிக்கும் ஒவ்வொரு படத்தையும் தம் கையாலேயே நீர்வண்ணத்தில் தீட்டினார். பிரதிக்கு நாற்பதுக்கும் மேல் படங்கள். பெருக்கிப் பாருங்கள், இரண்டாயிரத்தைத் தாண்டும். அதே கெண்டையை ஐம்பது முறை! கோலம் போடுகிறவர்களுக்குத்தான் இந்தப் பொறுமை புரியும். செதிலின் மினுமினுப்புக்கு வெறும் வண்ணம் போதவில்லை என்று தங்க, வெள்ளித் தகடுகளைப் பயன்படுத்தினார். பக்கத்தைச் சற்றே சாய்த்தால் மீன் புரள்வது போல ஒளி ஓடும். வானொலியில் அதை எப்படிக் காட்டுவேன்? பட்டுச் சேலையின் ஜரிகையை விளக்கருகே அசைத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அதுதான்.

மினுமினுப்பு என்றதும் நினைவு வருகிறது: பிளீக் என்ற சிறு ஆற்று மீனின் செதில் பளபளப்பைச் சுரண்டி, கண்ணாடி மணிகளுக்குள் பூசி, பாரிசில் போலி முத்துகளே செய்தார்கள். அது தனிக் கதை, விட்டுவிடுகிறேன்.

கண்ணாடிக்கு அப்பால் கையைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தானாம். உண்மையில் நான் பேச வந்தது பெர்லின் மருத்துவர் மார்கஸ் பிளாக்கைப் பற்றி. 1782-இல் ஜெர்மனியின் மீன்களில் தொடங்கி, பிறகு வெளிநாட்டு மீன்களையும் சேர்த்து, கையால் வண்ணமிட்ட 432 படத்தகடுகளை வெளியிட்டவர். அவருக்கு நம் தரங்கம்பாடியிலிருந்து மீன்கள் அனுப்பினார் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்ற மிஷனரி. அந்த நன்றிக்காகத்தான் நம் கடற்கரைக் கத்தாழை மீன்களில் ஒரு பேரினத்துக்கு ஜானியஸ் என்று பெயர். ஜானைப் பற்றியும் நிறையச் சொல்ல இருந்தது. சிவப்பு விளக்கு அணையப் போகிறது. வணக்கம்.