ஃப்ரீபிஎஸ்டி: அப்டேட் சொதப்பினாலும் ஒரு ரீபூட்டில் பழைய நிலைக்கு

(திரை: ஃப்ரீபிஎஸ்டி லோடர் மெனு)

ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் பெரிய அப்டேட் போடுவதென்றால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். ஃப்ரீபிஎஸ்டி என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு மாறுகிறவர்கள் பல காரணம் சொல்வார்கள்: புரோகிராம்களைத் தனித்தனியாக அடைத்து ஓட்ட 2000-லேயே வந்துவிட்ட ஜெயில் வசதி, நெட்ஃப்ளிக்ஸ் தன் வீடியோ சர்வர்களுக்கு இதையே நம்புவது. எங்களைக் கேட்டால், முதல் காரணம் பூட் என்விரான்மென்ட்தான்: அதாவது, கம்ப்யூட்டரை அப்படியே தொடங்கக்கூடிய சிஸ்டத்தின் பிரதி.

சிஸ்டத்தின் மையமான கெர்னல், கட்டளைகள், புரோகிராம்கள் பொதுவாகப் பயன்படுத்தும் லைப்ரரிகள் எல்லாவற்றையும் ஒரே குழு ஒரே தொகுப்பாக வெளியிடுகிறது. அடியில் இருக்கும் இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம், எழுதிய இடத்தின் மேலேயே எழுதாமல் புது இடத்தில் எழுதும். அதனால் சிஸ்டத்தை நொடியில் குளோன் எடுக்கலாம். எடுத்தவுடன் டிஸ்க்கில் இடமும் பிடிக்காது.

(திரை: டெர்மினல்)

13-ஆம் பதிப்பிலிருந்து 14-க்குப் போகிறோம். முதலில், பூட் என்விரான்மென்ட்களைக் கையாளும் பெக்டில் கட்டளையில் கிரியேட் கொடுத்து குளோனுக்கு ஒரு பெயர் வையுங்கள். பிறகு ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட் கட்டளையில் அப்கிரேட். அடுத்து வரும் இன்ஸ்டாலை மூன்று தடவை ஓட்ட வேண்டும். முதல் தடவை கெர்னல் மட்டும் மாறும், ரீபூட் செய்யுங்கள். இரண்டாவதில் மற்ற கட்டளைகளும் லைப்ரரிகளும் மாறும். இப்போது பேக்கேஜ்கள் அத்தனையையும் மறுபடி நிறுவுங்கள். மூன்றாவது இன்ஸ்டால் பழைய லைப்ரரிகளை அழித்துவிடும். பேக்கேஜ்களை மாற்றாமல் அதை ஓட்டினால், அந்த லைப்ரரிகளை நம்பியிருந்த புரோகிராம்கள் திறக்கவே திறக்காது.

அப்படி ஆகிவிட்டால் ரீபூட் செய்து, கெர்னலை ஏற்றும் லோடரின் மெனுவில் பழைய என்விரான்மென்டைத் தேர்ந்தெடுங்கள். கெர்னல், பேக்கேஜ், செட்டிங் எல்லாம் முன்பிருந்தபடி வந்துவிடும். அந்தத் தேர்வு ஒரு பூட்டுக்கு மட்டும்தான். நிரந்தரமாக்க பெக்டில் ஆக்டிவேட் கொடுங்கள்.

பலர் கவனிக்காத இடம் டேட்டாபேஸ். இன்ஸ்டாலர் போடும் வழக்கமான அமைப்பில் ஹோம், லாக், மெயில் தனித்தனி டேட்டாசெட், அதாவது என்விரான்மென்டுக்கு வெளியே நிற்கும் இசட்எஃப்எஸ் பகுதிகள். ஆனால் வார்-டிபி ஃபோல்டர் என்விரான்மென்டுக்குள்ளேயே இருக்கிறது, போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸின் டேட்டாவும் அதற்குள். பழைய என்விரான்மென்டுக்குத் திரும்பினால், குளோன் எடுத்த பிறகு டேட்டாபேஸில் பதிவான ஆர்டர்கள் கண்ணில் படாது. அதனால் போஸ்ட்கிரெஸ் ஃபோல்டருக்கு முன்கூட்டியே தனி டேட்டாசெட் போடுங்கள். வார்-டிபி முழுவதையும் பிரித்துவிடாதீர்கள்: எந்தப் பேக்கேஜ் எந்தப் பதிப்பு என்ற பதிவேடு அங்கேதான் இருக்கிறது. அது சிஸ்டத்தோடு சேர்ந்தே பின்னால் போக வேண்டும்.

இன்னொரு கண்ணி: அப்டேட் முடிந்ததும் "பூலை அப்கிரேட் செய்யலாம்" என்று ஒரு செய்தி வரும் (பூல் என்பது இசட்எஃப்எஸ் சேர்த்து நிர்வகிக்கும் டிஸ்க்குகளின் தொகுப்பு). அவசரப்படாதீர்கள். புதிய வசதிகளை இயக்கிய பூலை பழைய கெர்னலால் திறக்க முடியாமல் போகலாம். திரும்பும் வழி அங்கேயே அடைபடும். கம்ப்யூட்டர் தொடங்கும்போது முதலில் படிக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் இருக்கும் லோடரும் தானாக மாறாது. புதிய லோடரை அங்கே காப்பி செய்த பிறகே பூலைத் தொடுங்கள்.

புதியது சில வாரம் சிக்கலின்றி ஓடினால், பெக்டில் டெஸ்ட்ராய் கொடுத்து பழையதை நீக்குங்கள். மாறிப்போன ஃபைல்களின் பழைய பிரதிகளை அது பிடித்துவைத்திருக்கும். நீக்கும்வரை அந்த இடம் உங்களுக்குத் திரும்பாது.