அட்டை ஒருவர் கையில், பேனா இன்னொருவர் கையில்

வணக்கம் நேயர்களே.

நான் அமெரிக்காவில் நர்ஸ் பிராக்டிஷனராகப் பணி செய்கிறேன். இந்தப் பெயர் உங்களில் சிலருக்குப் புதிதாக இருக்கலாம். பதிவு பெற்ற செவிலியர் ஒருவர் அதற்கு மேலும் முதுநிலையோ முனைவர் பட்டமோ படித்து, தேசியத் தேர்வில் தேறி, தனி உரிமம் வாங்கினால் அவர் நர்ஸ் பிராக்டிஷனர். நோயாளியைப் பரிசோதிப்பார், இன்ன நோய் என்று சொல்வார், ரத்தப் பரிசோதனைக்கு எழுதுவார், மருந்துச் சீட்டும் எழுதுவார். பிரசவம் பார்க்கும் நர்ஸ் மிட்வைஃபும், அறுவை அரங்கில் மயக்க மருந்து கொடுக்கும் செவிலியரும் இதுபோல மேற்படிப்பும் தனி உரிமமும் பெற்றவர்கள்தான். எல்லோரையும் சேர்த்து உயர்நிலைச் செவிலியர் என்று தமிழில் சொல்லிக்கொள்வோம்.

சில ஆண்டுகளுக்கு முன் தென் மாநிலம் ஒன்றில், ஒரு சிற்றூர் கிளினிக்கில் வேலை பார்த்தேன். அந்த மாநிலச் சட்டப்படி ஒரு மருத்துவரோடு ஒப்பந்தம் இருந்தால்தான் நான் மருந்து எழுதலாம். எங்கள் ஒப்பந்த மருத்துவர் எழுபது மைல் தள்ளி வேறு ஊரில் இருந்தார். மாதம் ஒருமுறை சில கோப்புகளைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். அதற்குக் கிளினிக் அவருக்கு மாதாமாதம் பணம் கட்டும். ஒரு நாள் அவர் உடல்நலக் குறைவால் பணியிலிருந்து விலகினார். மறுநாள் காலை நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். முந்தைய நாள் பார்த்த அதே நோயாளிகள், அதே படிப்பு, அதே ஸ்டெதஸ்கோப். எழுதும் அதிகாரம் மட்டும் இல்லை.

வேறு மருத்துவர் கிடைக்க ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரத்தில் ஆஸ்துமா உள்ள பையனைக் கூட்டிக்கொண்டு ஓர் அம்மா வந்தார். இன்ஹேலர் தீர்ந்துவிட்டது. அவரிடம் மெடிகெய்ட் அட்டை இருந்தது. வருமானம் குறைந்தவர்களுக்கு மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து நடத்தும் காப்பீடு அது. அட்டையை மேசைமேல் வைத்து, “இது செல்லும்தானே, அப்புறம் என்ன?” என்று கேட்டார். அட்டை செல்லும், என் கையெழுத்துதான் செல்லாது என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது? பையனை அழைத்துக்கொண்டு அடுத்த கவுண்டியின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போனார். ஓர் இன்ஹேலருக்காக.

இன்று நான் பேச வந்தது இதைப் பற்றித்தான். காப்பீடு யாருக்கு என்று ஒரு சட்டம் சொல்கிறது. சிகிச்சை தர யாருக்கு அதிகாரம் என்று இன்னொரு சட்டம் சொல்கிறது. நோயாளிக்கு இரண்டும் ஒரே வாசலில் கிடைக்க வேண்டும். சட்டம் எழுதுகிறவர்களோ இரண்டையும் தனித்தனி அறையில் உட்கார்ந்து எழுதுகிறார்கள்.

இத்தனைக்கும் என் தொழிலும் அந்தக் காப்பீடும் ஒரே ஆண்டில் பிறந்தவை. 1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து முதல் நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியைத் தொடங்கினார்கள். மருத்துவர் எட்டாத இடத்துக் குழந்தைகளைப் பார்க்க ஆள் வேண்டும் என்பது நோக்கம். அதே ஆண்டு ஜூலை 30ஆம் தேதி ஜனாதிபதி லிண்டன் ஜான்சன், முதியோர் காப்பீடான மெடிகேரையும் மெடிகெய்ட்டையும் உருவாக்கிய சட்டத்தில் கையெழுத்திட்டார். ஃபோர்டு அம்மையார் 104 வயது வரை வாழ்ந்து 2025 ஜனவரியில் காலமானார். தான் தொடங்கிய வேலைக்குச் சட்டம் ஒவ்வொரு படியாக இறங்கி வந்ததை அவர் கண்ணாரப் பார்த்திருக்கிறார்.

மெதுவாகத்தான் இறங்கியது. 1977இல் கிராமப்புறக் கிளினிக்குகளுக்கு ஒரு சட்டம் வந்தது. அங்கே உயர்நிலைச் செவிலியர் பார்த்தாலும் அரசுக் காப்பீடு பணம் தரும் என்றது. 1989இல் குழந்தைகளையும் குடும்பங்களையும் பார்க்கும் நர்ஸ் பிராக்டிஷனர்களுக்கு மெடிகெய்ட் பணம் தர வேண்டும் என்றது நாடாளுமன்றம். முதியோருக்கான மெடிகேர் எந்த ஊரில் இருந்தாலும் எங்கள் பெயரிலேயே பணம் தரும் என்று 1997இல்தான் சட்டமானது. அதுவும் மருத்துவருக்குத் தருவதில் 85 சதவீதம்.

இந்த 85இல் கொஞ்சம் நின்று பேச வேண்டும். காசு குறைகிறது என்று நான் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. மருத்துவர் கிளினிக்கிலேயே இருந்து, அவர் வகுத்த சிகிச்சையை நான் தொடர்ந்தால், ‘பில்’லை அவர் பெயரில் போடலாம். அப்போது நூறு சதவீதம் கிடைக்கும். எந்தக் கிளினிக் நிர்வாகி எதைத் தேர்ந்தெடுப்பார்? இப்படி நாடு முழுக்கச் செவிலியர் பார்த்த நோயாளிகளில் ஒரு பங்கு கணக்கில் மருத்துவர் பார்த்ததாகவே ஏறுகிறது. பிறகு சட்டமன்றத்தில், “செவிலியர்கள் எவ்வளவு பேரைப் பார்க்கிறார்கள், காட்டுங்கள்” என்று கேட்கும்போது நம் வேலை நம் பெயரில் இருப்பதில்லை. என் வருத்தம் அதுதான்.

“செவிலியரிடம் காட்டினால் போதுமா?” என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. நியூயார்க்கில் 1,316 நோயாளிகளை மருத்துவர்களிடமோ நர்ஸ் பிராக்டிஷனர்களிடமோ குலுக்கல் போலப் பிரித்து அனுப்பினார்கள். பெரும்பாலோர் மெடிகெய்ட்காரர்கள். இரு தரப்புக்கும் ஒரே அதிகாரம் கொடுத்திருந்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்ததில் உடல்நிலையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. முதல்நிலைச் சிகிச்சைக்கு மட்டுமான ஆய்வு அது. எல்லா நோய்க்கும் அதைச் சான்றாகக் காட்ட மாட்டேன்.

மருத்துவர் சங்கங்கள் எங்கள் பயிற்சி மணிநேரம் குறைவு என்று சொல்கின்றன. உண்மை, மிகக் குறைவுதான். சிக்கலான நோயாளியை நிபுணரிடம் அனுப்பத் தயங்கும் நர்ஸ் பிராக்டிஷனர் ஆபத்தானவர் என்று என் மாணவிகளிடமே சொல்வேன். ஆனால் எழுபது மைலுக்கு அப்பால் போடப்படும் கையெழுத்து எனக்கு எந்தப் பயிற்சியும் தரவில்லை. பாதிக்கு மேற்பட்ட மாநிலங்கள் இதை ஏற்று முழு அதிகாரம் தந்துவிட்டன. நியூயார்க்கும் கான்சாஸும் 2022இல் அந்தப் பக்கம் வந்தன. டெக்சாஸும் ஜார்ஜியாவும் வரவில்லை.

இனி அட்டைக்கு வருகிறேன். 2010ஆம் ஆண்டுச் சட்டம், வறுமைக்கோட்டின் 138 சதவீதம் வரை வருமானம் உள்ள எல்லோருக்கும் மெடிகெய்ட் என்றது. 2025 கணக்கில் தனி ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 21,600 டாலர். 2012இல் உச்ச நீதிமன்றம் அதை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டது. 40 மாநிலங்கள் ஏற்றன, பத்து ஏற்கவில்லை. ஏற்காதவற்றில் டெக்சாஸும் ஜார்ஜியாவும் உண்டு. அங்கே ஏழைக்கு அட்டையும் எளிதில் கிடைக்காது, அட்டை கிடைத்தவருக்கு என் போன்றவரின் பேனாவும் முழுதாக உதவாது. எல்லா இடத்திலும் இரண்டும் சேர்ந்தே போகும் என்று எண்ணிவிடாதீர்கள். கலிஃபோர்னியா மெடிகெய்ட்டைத் தாராளமாக விரித்தது. ஆனால் செவிலியரைத் தனித்து இயங்கவிடும் சட்டத்தை அது 2020இல்தான் இயற்றியது. வயோமிங்கில் செவிலியருக்கு முழு அதிகாரம் உண்டு, விரிவான மெடிகெய்ட் இல்லை. ஒன்றைத் தந்து ஒன்றைப் பிடித்துவைத்தால் இடையில் நிற்பது நோயாளி.

மாற்ற முடியாததா இது? ஓபியாய்டு என்னும் அபினி வகை போதைக்கு அடிமையானவரை மீட்கும் புப்ரெனார்ஃபின் மருந்தை 2016 வரை நாங்கள் எழுதவே முடியாது. அந்த ஆண்டு சிறப்பு அனுமதியோடு எழுதலாம் என்றார்கள். 2022 டிசம்பரில் அந்தச் சிறப்பு அனுமதியையே எடுத்துவிட்டார்கள். வீட்டில் வந்து பார்க்கும் செவிலியர் சேவைக்கு மருத்துவர்தான் சான்று தர வேண்டும் என்றிருந்த மெடிகேர் விதி, பெருந்தொற்று வந்த 2020இல் நிரந்தரமாகத் தளர்ந்தது. நெருக்கடி வந்தால் ஒரே வாரத்தில் மாறும் விதிகள், நெருக்கடி இல்லாதபோது இருபது ஆண்டு கிடப்பில் கிடக்கின்றன.

பெருந்தொற்றின்போது மெடிகெய்ட்டிலிருந்து யாரையும் நீக்கக் கூடாது என்றிருந்தது. அந்தப் பாதுகாப்பு 2023 மார்ச்சோடு முடிந்தது. அதன்பின் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டோர் பட்டியலிலிருந்து விழுந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குத் தகுதி இல்லை என்று யாரும் முடிவு செய்யவில்லை. படிவம் திரும்பி வரவில்லை, முகவரி மாறிவிட்டது, அவ்வளவுதான் காரணம். என்னிடம் சர்க்கரைக்கு வந்துகொண்டிருந்த ஒருவர் மருந்துக்கடையில் நின்றபோதுதான் தன் காப்பீடு போனதை அறிந்தார். 2025 ஜூலையில் வந்த புதிய சட்டப்படி, 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் விரிவாக்கத்தில் சேர்ந்தவர்களில் பலர் மாதம் 80 மணிநேரம் வேலையோ படிப்போ தொண்டோ செய்ததாகக் காட்ட வேண்டும். பெரும்பாலான இடங்களில் 2027 தொடக்கத்திலிருந்து. விரிவாக்கத்தில் சேர்ந்தவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை இருந்த சரிபார்ப்பு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆகும். வேலை செய்கிறவர்களும் தாள் தவறிப்போய் விழுவார்கள் என்பது என் பயம்.

ஆகவே கேட்டுக்கொண்டிருப்பவர்களில் யாருடைய வீட்டிலாவது மெடிகெய்ட் இருந்தால், முகவரியும் தொலைபேசி எண்ணும் அலுவலகத்தில் சரியாக இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். கடிதம் வந்தால் பிரித்துவிடுங்கள். புரியவில்லையென்றால் உறையோடு கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். நாங்கள் உட்கார்ந்து நிரப்பித் தருவோம். என் மேசையின் இழுப்பறையில் இப்போது மருந்துக் கையேட்டுக்கு மேலே அந்தப் படிவங்கள்தான் இருக்கின்றன.

அவற்றின் நடுவே இன்னொரு படிவமும் கிடக்கிறது. சர்க்கரை நோயால் கால் மரத்துப்போன ஒரு தாத்தாவுக்கு மெடிகேர் தரும் தனிக் காலணி. அவர் சர்க்கரையைப் பார்ப்பது நான், இன்சுலின் எழுதுவது நான், கால் புண்ணைக் கட்டுவதும் நான். ஆனால் அந்தக் காலணிக்கு மருத்துவர்தான் சான்றளிக்க வேண்டும் என்கிறது விதி. திங்கட்கிழமை காலை அதை எடுத்துக்கொண்டு ஒரு மருத்துவரைத் தேடிப் போகிறேன். வணக்கம்.