வசந்த கால நிகழ்ச்சிகள்: எப்போது பதிவது, எதற்குப் போவது?

அடுத்த கேள்வி. "இந்த நகரத்துக்குக் குடிவந்து இது இரண்டாவது வருஷம். வசந்த காலத்தில் நகராட்சி நடத்தும் வகுப்புகள், நிகழ்ச்சிகள் பற்றி எனக்குத் தெரியவருவதற்குள் இடமெல்லாம் நிரம்பிவிடுகிறது. எப்போது பார்க்க வேண்டும்? எதற்குப் போனால் நாலு பேர் பழக்கமாவார்கள்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

முதல் பாதிக்குப் பதில் சுலபம். வெயில் வந்த பிறகு தேடினால் தாமதம்தான். பல நகரங்களில் பதிவு குளிர்காலம் முடியும் முன்பே திறந்துவிடும். முதலில் தீர்ந்துபோவது பெரும்பாலும் குழந்தைகளின் நீச்சல் வகுப்பு. ஒரு பயிற்றுநருக்கு இத்தனை பேர்தான் என்று பாதுகாப்பு வரம்பு இருக்கிறது. கூட்டம் கூடினால் இன்னொரு நாற்காலி போட்டுச் சமாளிக்க முடியாது. அதனால் இணையக் கணக்கை முன்கூட்டியே தொடங்கி, முகவரிச் சான்றையும் கொடுத்து வையுங்கள். நகரவாசிகளுக்கு மட்டும் சில நாட்கள் முன்னதாகப் பதிவு திறக்கும் ஊர்கள் உண்டு. இடமில்லை என்று வந்தாலும் காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் போடுங்கள். பணம் திரும்பக் கிடைக்கும் கடைசி நாள் நெருங்கும்போது சிலர் விலகுவார்கள்.

சரி, பழக்கம் பிடிப்பது எப்படி? இங்கே என் கருத்து கொஞ்சம் கறாரானது. மேடை, இசை, கூட்டம் என்று இருக்கும் பெரிய விழாவுக்குப் போனால் பொழுது போகும், ஆனால் பக்கத்தில் நின்றவர் பெயர்கூடத் தெரியாமல் வீடு திரும்புவீர்கள். கைக்கு வேலை கொடுக்கும் நிகழ்ச்சியாகத் தேடுங்கள். சமூகத் தோட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தனிப் பாத்திக்கு வருஷக்கணக்கில் காத்திருக்கும் இடங்கள் உண்டு. ஆனால் பருவத் தொடக்கத்தில் மண்ணைக் கிளறி, பழைய செடிகளை அகற்றிச் சுத்தம் செய்யும் நாளுக்கு, பொதுவாக யார் வந்தாலும் சேர்த்துக்கொள்வார்கள். அங்கே தொடர்ந்து முகம் காட்டுங்கள். நடுவில் யாராவது பாத்தியைக் கைவிட்டால், அந்தச் செய்தியாவது உங்கள் காதுக்கு முதலில் வரும்.

பதிவுத் தொல்லை இல்லாதவை இரண்டு சொல்கிறேன். ஒன்று, 'சிட்டி நேச்சர் சேலஞ்ச்'. 2016-ல் லாஸ் ஏஞ்சலிஸும் சான் பிரான்சிஸ்கோவும் போட்டியாகத் தொடங்கியது, இன்று உலகமெங்கும் நடக்கிறது. ஏப்ரல் கடைசியில் சில நாட்கள், கண்ணில் படும் செடி, பூச்சி, பறவைகளைப் படம் எடுத்துப் பெரும்பாலும் 'ஐநேச்சுரலிஸ்ட்' செயலியில் ஏற்ற வேண்டும். கூட்டாகப் போகும் குழுக்களோடு சேர்ந்துகொள்ளுங்கள். தனியாகப் போனால் மறுபடியும் தனிமைதான்!

இன்னொன்று 'ஜேன்ஸ் வாக்'. நகர வாழ்க்கை பற்றி நிறைய எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 2006-ல் காலமான பிறகு, அவர் நினைவாக 2007-ல் டொராண்டோவில் ஆரம்பித்த இலவச நடை. மே முதல் வாரக்கடைசியில் பல நகரங்களில் நடக்கும். அந்தப் பகுதிவாசிகளே வழிநடத்துவார்கள். நடந்துகொண்டே பேசுவதால் தயக்கம் சீக்கிரம் விட்டுப்போகும்.

தென் அரைக்கோளத்தில் இருப்பவர்களுக்கு இந்த இரண்டும் இலையுதிர் காலத்தில் வரும். நீங்கள் குளிர்கால முடிவில், ஆகஸ்ட் வாக்கிலேயே நகராட்சி அட்டவணையைத் தேட ஆரம்பியுங்கள்.

அப்புறம், அடுத்த கேள்விக்குப் போகலாம்.