லூதர் ஒளிஞ்சிருந்த அறை: வார்ட்புர்க் கோட்டை

(திரையில்: மரப்பலகை அடிச்ச சின்ன அறை)

இந்த அறையில பெருசா ஒண்ணுமில்ல. ஒரு மேசை, ஒரு நாற்காலி. கீழே கிடக்கிறது திமிங்கலத்தோட முதுகெலும்புத் துண்டு. கால் வச்சுக்கிற மணையா இருந்ததுன்னு சொல்றாங்க. ஜெர்மன் மொழியோட எழுத்து நடையையே மாத்தின வேலை இங்கேதான் நடந்தது.

(திரையில்: காட்டுக்கு மேலே மலைக்கோட்டை)

ஜெர்மனியில தூரிங்கியா. ஐசெனாக் ஊருக்கு மேலே, கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 410 மீட்டர் உயரத்துல வார்ட்புர்க் கோட்டை. 1067-ல லுட்விக்ங்கிற பிரபு தொடங்கினதா மரபுக் கதை. உள்ளே இருக்கிற அரண்மனை 12-ம் நூற்றாண்டோடது.

எலிசபெத்தைப் பத்திச் சொல்லாம இந்தக் கோட்டையைக் கடக்க எனக்கு மனசு வராது. ஹங்கேரி அரசரோட மகள். 1211-ல, நாலு வயசுல, வருங்கால மருமகளா இங்கே அனுப்பிட்டாங்க. 1226-ல பஞ்சம் வந்தப்போ களஞ்சியத்தைத் திறந்துவிட்டாங்க, மலையடிவாரத்துல நோயாளிகளுக்கு இடம் அமைச்சாங்க. 24 வயசுல மரணம். 1235-ல புனிதர் பட்டம்.

அடுத்து 1521 மே மாசம். போப்பை எதிர்த்த ஜெர்மன் துறவி மார்ட்டின் லூதரோட உயிருக்கு ஆபத்து. சாக்சனியை ஆண்ட பிரெடரிக் ஆள் வச்சு அவரை வழியில 'கடத்தி' இங்கே ஒளிச்சு வச்சார். லூதர் தாடி வளர்த்து, யோர்க்னு பேரை மாத்திக்கிட்டு, பத்து மாசம் இருந்தார். கிரேக்கத்துல இருந்த பைபிளோட புதிய ஏற்பாட்டை ஏறத்தாழ பதினோரு வாரத்துல ஜெர்மனுக்குக் கொண்டுவந்தார். வீட்டுல தாயும் சந்தையில சாதாரண ஆளும் பேசுற பேச்சைக் கவனிச்சு மொழிபெயர்க்கணும்ங்கிறது அவர் கொள்கை. 1522 செப்டம்பர்ல அச்சாச்சு. லூதர் வழி வந்த லூத்தரன் மரபைச் சேர்ந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குதான் பின்னாடி தரங்கம்பாடியில தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார்.

(திரையில்: பூச்சு உதிர்ந்த சுவர், கிட்டத்துல)

லூதர் சாத்தான் மேல மைக்கூட்டை எறிஞ்சார், கறை இந்தச் சுவர்லதான்னு ஒரு கதை. வந்தவங்க ஞாபகத்துக்குன்னு சுரண்டிச் சுரண்டி, சுவர்ப் பூச்சே போயிடுச்சு. பழைய மேசையையும் சீவி எடுத்துட்டாங்க. இப்போ இருக்கிறது வேற மேசை.

சிதைஞ்சு கிடந்த கோட்டையை 19-ம் நூற்றாண்டுல கார்ல் அலெக்சாண்டர் கோமகன் சீரமைச்சார். நாம பார்க்கிற அலங்காரத்துல பாதி அந்தக் காலத்தோடது. அதைத் தெரிஞ்சுக்கிட்டுப் பார்க்கிறது நல்லது. 1999-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாச்சு. இன்னைக்கு அருங்காட்சியகம், பெரிய மண்டபத்துல இசைக் கச்சேரி, பக்கத்துலயே ஒரு ஹோட்டல்.

(திரையில்: மலைப்பாதையில கழுதைகள்)

ஒரு காலத்துல கோட்டைக்குச் சாமான் சுமந்து ஏறினது கழுதைகள். இப்பவும் கோடையில ஏறுது, முதுகுல குழந்தைங்களோட.